மேல்வீட்டுக் காலடிச் சத்தமும் கூரையில் ஒட்டும் ஃபோமும்

கேள்வி: இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் 20-ஆவது மாடியில் வசிக்கிறோம். மேல்வீட்டில் நடப்பதும் நாற்காலியை இழுப்பதும் எங்கள் படுக்கையறையில் தெளிவாகக் கேட்கின்றன. நள்ளிரவுக்குப் பிறகு மெல்லிய ரீங்காரம் ஒன்றும் தொல்லை தருகிறது. கூரையின் அடியில் ஃபோம் பலகைகளை ஒட்டினால் போதும் என்கிறார்கள். ஒட்டலாமா, ஒலியியல் ஆலோசகரை அழைக்க வேண்டுமா?

பதில்: ஃபோமை ஒட்ட வேண்டாம். ஒலிப்பதிவுக் கூடங்களின் படங்களைப் பார்த்துப் பரவிய நம்பிக்கை அது. ஃபோம் ஓர் அறைக்குள் எழும் ஒலியை உறிஞ்சி எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்காது. தடுப்பதற்கு எடை வேண்டும், ஃபோமுக்கோ எடையே இல்லை.

மேல்வீட்டார் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்று முதலில் கவனியுங்கள். பேச்சு கேட்காமல் காலடி மட்டும் கேட்டால், கான்கிரீட் தளம் தன் எடையால் காற்றுவழி ஒலியை நன்றாகவே தடுக்கிறது என்று பொருள். காலடி வரும் வழி வேறு. குதிகால் தளத்தை நேரடியாகத் தட்டுகிறது; தளம் அதிர்கிறது; அந்த அதிர்வு தளத்தோடு இறுகப் பிணைந்துள்ள சுவர்களிலும் தூண்களிலும் இறங்கி, உங்கள் அறையின் பல பரப்புகளிலிருந்து ஒலியாக வெளிப்படுகிறது. ஆகவே கூரைக்கு மட்டும் செய்யும் சிகிச்சை, சுவர் வழியாக வருவதைத் தொடாது.

இத்தகைய தட்டொலியை அது பிறக்கும் இடத்தில், அதாவது மேல்வீட்டுத் தரையில் தடுப்பதே சிறந்தது. நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் கம்பளித் துண்டுகளும், நடமாட்டம் மிகுந்த இடத்தில் விரிக்கும் தடித்த கம்பளமும் மிகக் குறைந்த செலவில் வியக்கத்தக்க பலன் தரும். வெறுங்காலின் கனத்த 'தொம்' ஒலி மட்டும் ஓரளவு எஞ்சும். தரையைப் புதுப்பிக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்தால், ஓடுகளுக்கும் தளத்துக்கும் இடையே ரப்பர் போன்ற மீள்தன்மையுள்ள படலத்தை இடச் சொல்லலாம். அந்தப் படலம் சுவரோரத்திலும் மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும். ஓரத்தில் சிந்திய ஒரு கைப்பிடிச் சிமென்ட் கலவை தரையையும் சுவரையும் இணைத்துவிட்டால், செலவழித்ததில் பெரும்பகுதி வீணாகிவிடும். பணியிடங்களில் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது.

அவர்கள் ஒத்துழைக்காவிட்டால், உங்கள் பக்கத்தில் எஞ்சுவது, ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிகளில் தொங்கி, இடைவெளியில் கண்ணாடி இழைப் பஞ்சு நிரப்பி, இரண்டடுக்கு ஜிப்சம் பலகை பொருத்திய தனிக் கூரைதான். சாதாரண ஃபால்ஸ் சீலிங்கைக் குறுகிய இடைவெளியில் கம்பியால் இறுக்கித் தொங்கவிட்டால், தாழ்ந்த அதிர்வெண்களில், அதாவது 'தொம்' போன்ற கனத்த ஒலிகளில், சத்தம் கூடிவிடவும் வாய்ப்புண்டு.

ரீங்காரத்துக்கு வருவோம். உயரமான மாடிகளில் தெருச் சத்தம் குறைவு. இறுக மூடும் ஜன்னல்கள் அதை மேலும் குறைத்துவிடுவதால், கட்டடத்தின் உள்ளிருந்து எழும் சிறு ஒலியும் இரவில் துலக்கமாகக் கேட்கிறது. மொட்டைமாடிக்கு அருகில் இருப்பதால், லிஃப்ட் இயந்திரத்தையும் தண்ணீர் பம்பையும் நான் முதலில் சந்தேகிப்பேன். விட்டுவிட்டு வந்தால் பம்போ லிஃப்டோ ஆகலாம். ஓயாமல் ஒரே சுருதியில் ஒலித்தால் மின்மாற்றியாக இருக்கக்கூடும்; 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் அடிப்படை ஒலி 100 ஹெர்ட்ஸில் எழும். இவற்றுக்குத் தீர்வு இயந்திரத்தின் அடியில் அதிர்வுத் தாங்கிகளை வைப்பதும், சுவரைத் தொடும் குழாய்களை ரப்பர் பட்டையிட்ட பிடிகளில் பொருத்துவதுமே. உங்கள் அறைக்குள் செய்வதற்கு அதிகமில்லை.

தனிக் கூரை போன்ற பெருஞ்செலவுக்கு முன்பு ஆலோசகரை அழைப்பது தகும். பொருள் விற்காதவராகத் தேர்ந்தெடுங்கள். தட்டொலியை ஐஎஸ்ஓ 16283 என்ற சர்வதேசத் தரநிலைப்படி அளக்கச் சொல்லுங்கள்: ஒரு கருவியில் உள்ள, தலா 500 கிராம் எடையுள்ள ஐந்து சுத்திகள், 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு மொத்தம் பத்து முறை மேல்தளத்தைத் தட்டும், கீழ் அறையில் ஒலி அளவு பதிவாகும். இந்த முறையில் வரும் தட்டொலி எண் குறையக் குறைய நல்லது. சுவரின் காற்றுவழித் தடுப்புக்கான எண்ணோ கூடக் கூட நல்லது. இரண்டையும் குழப்பிக்கொண்டு மகிழ்ந்தவர்களும் வருந்தியவர்களும் உண்டு. அந்த ஒற்றைத் தட்டொலி எண் பொதுவாக 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளைக் கணக்கில் கொள்வதில்லை, குதிகாலின் 'தொம்' ஒலியோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. எனவே 50 ஹெர்ட்ஸிலிருந்து அளவீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத் தாள்களில் உள்ள எண்கள் ஆய்வகத்தில் பெற்றவை. சுவர்வழிக் கசிவுள்ள உண்மையான கட்டடத்தில் அவை அப்படியே கிடைப்பதில்லை.

ஆலோசகர் வருவதற்கு முன் ஒரு வாரம், ரீங்காரம் தொடங்கும் நேரத்தையும் அடங்கும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அளவீட்டு இரவில் பம்பைப் பத்து நிமிடம் நிறுத்தித் தர பராமரிப்பு ஊழியர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுவிட்டால், ரீங்காரத்துக்குப் பம்ப் காரணமா இல்லையா என்பது அன்றே தெரிந்துவிடும்.