பலகையில் புரிகிறது, வீட்டில் எழுத வரவில்லை

கேள்வி: என் மகள் பள்ளியில் கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். ஆசிரியர் புரோகிராம் எழுதிக் காட்டினால் புரிகிறதாம். வீட்டில் தானாக எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. கணக்கிலும் சுமார்தான். புது லேப்டாப் வாங்கித் தரலாமா, இல்லை பாடத்தையே மாற்றிவிடலாமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். நான் பாடம் நடத்திய காலத்தில் அதிகம் கேட்ட புகார் இதுதான். பலகையில் இருப்பது முடிந்துபோன விடை. ஆசிரியர் மனதுக்குள் எழுதி அழித்தது எதுவும் அதில் தெரியாது. அதனால் படிக்கும்போது எல்லாம் சுலபமாகத் தோன்றும்.

நடுவில் விட்டுப்போன படி ஒன்று இருக்கிறது: காகிதத்தில் ஓட்டிப் பார்ப்பது. டிரை ரன் என்பார்கள். தேர்வில் கேட்டால் மட்டும் செய்கிற வேலையாக அதை ஆக்கிவிட்டோம்.

1 முதல் 5 வரை கூட்டும், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமை எடுத்துக்கொள்வோம். லூப்பில், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியில், எந்தெந்த எண்கள் என்று சொல்ல ரேஞ்ச்(1, 5) என்று எழுதினால், 15 வரவேண்டிய இடத்தில் 10 வரும். பிள்ளைகள் உடனே 5-ஐ 6 ஆக்குவார்கள். விடை சரியாகிவிடும், ஏன் என்று மட்டும் தெரியாது. அதற்குப் பதில் காகிதத்தில் கோடு போட்டு, இந்தப் பக்கம் எண், அந்தப் பக்கம் தொகை என்று எழுதச் சொல்லுங்கள். 1-க்கு 1, 2-க்கு 3, 3-க்கு 6, 4-க்கு 10. அங்கேயே முடிந்துவிட்டது, 5 வரவே இல்லை! பைத்தானின் ரேஞ்ச் கடைசி எண்ணுக்கு முன்பே நின்றுவிடும் என்பதை அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

6 என்று திருத்திய பிறகும் விடை 5 என்று வந்தால்? தொகையைப் பூஜ்யமாக்கும் வரி லூப்புக்குள் போயிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் தொகை அழிந்து, கடைசி எண் மட்டும் மிஞ்சுகிறது. இதுவும் அதே காகிதத்தில் மாட்டும்.

அப்புறம், வெற்றுத் திரையில் ஆரம்பிக்க வேண்டாம். ஓடுகிற புரோகிராமில் ஒன்றே ஒன்றை மாற்றட்டும். முதலில் இரட்டை எண்களை மட்டும் கூட்டட்டும். அடுத்து, கூட்டலுக்குப் பதில் பெருக்கல். தொகை 0-வில் தொடங்குவதால் இங்கே எப்போதும் 0 தான் விடையாக வரும். தொடக்க மதிப்பை 1 ஆக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும்வரை வாயைத் திறக்காதீர்கள். கஷ்டம்தான்.

ஏஐ சாட்பாட்டிடம் முழு புரோகிராமையும் வாங்கினால் அதுவும் இன்னொரு பலகைதான். தான் எழுதியதைக் கொடுத்து, எந்த வரியில் பிழை என்று கேட்டால் பயன் உண்டு.

கணக்கு பற்றிக் கவலை வேண்டாம். வகுத்தால் வரும் மீதி, உண்மை–பொய் நிபந்தனைகள், இரும எண்கள்: பள்ளி அளவில் பெரும்பாலும் இவைதான் வரும். லேப்டாப்பும் அப்படித்தான். பைத்தான் இலவசம், பள்ளிப் புரோகிராம்கள் பழைய கணினியிலும் ஓடும்.

ஒரு பருவம் இப்படிச் செய்தும் பிழை தேடுவதே அவளுக்கு வெறுப்பாக இருந்தால், சரி, மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். அதற்கான கடைசி நாள் எது என்று பள்ளியில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.