தரகர் சொன்ன "அபூர்வப் பவுண்": கொடுக்கலாமா?

கேள்வி: மல்லாவியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மம்மா வழியில் வந்த மூன்று பழைய தங்கப் பவுண் காசுகள் அவரிடம் இருக்கின்றன. ஆண்டுகள் 1899, 1911, 1918. முதலாவது முன்பு ஒரு சங்கிலியில் பதக்கமாகத் தொங்கியது. வவுனியாவில் ஒரு நகைக்கடையில் "நிறை குறைகிறது" என்று விலையைக் குறைத்துச் சொன்னார்களாம். வீடு தேடி வந்த தரகர் ஒருவரோ 1918 காசு மிக அபூர்வம், வெளிநாட்டுக்கு அனுப்பி கிரேடிங் (நிபுணர்கள் தரம் பார்த்து எண் போடுவது) செய்தால் பல இலட்சம் போகும், காசையும் அறுபதாயிரம் ரூபாவையும் தாருங்கள் என்கிறாராம். அதே ஆள் வாசகியின் மச்சானுக்குப் "புதையல் காசு" ஒன்றையும் மலிவாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காசுகளை விளக்கி வைக்கட்டுமா, தரகரிடம் கொடுக்கலாமா என்பது கேள்வி.

பதில்: தங்கச்சி, முதலில் விளக்காதீர்கள். புளி, சாம்பல், பற்பசை, பூந்திக்கொட்டை ஒன்றும் வேண்டாம். பத்தரிடம் கொடுத்து மெருகு போடவும் வேண்டாம். நகைக்கு மினுக்கம் அழகு, பழைய காசுக்கு அதுவே கேடு. அச்சு விழுந்த அன்றைய மேற்பரப்பு இன்னும் இருக்கிறதா என்பதற்குத்தான் சேகரிப்பவர்கள் மேலதிகமாகப் பணம் கொடுக்கிறார்கள். தேய்த்தால் அது போய்விடும், பிறகு எந்தப் பத்தராலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மண் ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டு எடுத்து, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றுங்கள். செம்மண் நிறத்தில் சின்னப் புள்ளிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பு கலந்த தங்கம், அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது அந்த "நிறை குறைகிறது" கதை. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். நம் நகைக்கடைகளில் ஒரு பவுண் என்றால் 8 கிராம். ஆனால் இங்கிலாந்துப் பவுண் காசு அடிக்கப்பட்ட நாளிலேயே 7.988 கிராம்தான். அது ஒருநாளும் எட்டாக இருந்ததில்லை. புழங்கித் தேய்ந்து 7.938 கிராமுக்குக் கீழே போனால்தான் அந்தக் காலத்தில் அதைச் செல்லாது என்று ஒதுக்கினார்கள். ஆகவே தராசு 7.98 காட்டினால் உங்கள் காசில் குறை எதுவும் இல்லை. இல்லாத தேய்மானத்தைச் சொல்லி ஆயிரக்கணக்கில் கழிப்பவர் உங்களை ஏமாற்றுகிறார், அவ்வளவுதான். மாறாக 8 கிராமுக்கு மேல் காட்டினால் யோசியுங்கள். ஒன்று, பற்றவைத்த பொடி ஒட்டியிருக்கிறது. இல்லாவிட்டால் காசே பொய்.

இன்னொன்று. கடையில் உரைகல்லை எடுத்தால் காசைத் திரும்ப வாங்கிவிடுங்கள். விளிம்பை உரைத்த காசு உரைத்த காசுதான். வீட்டிலேயே சோதிக்கலாம். சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு குவளை தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு 0.45 கிராம் அளவில் காட்டவேண்டும். நிறை சரியாக இருந்தும் 0.9 அளவுக்குப் போனால் அது பித்தளை, செம்பு வகை. விட்டம் 22 மில்லிமீற்றருக்கு ஒரு மயிரிழை கூட.

இனி காசுகளுக்கு வருவோம். 1899 காசு முக்காடிட்ட விக்டோரியா இராணி. விளிம்பு தெரிய நிமிர்த்திப் பிடித்து, இராணியின் தலைக்கு நேர் மேலே பாருங்கள். சுற்றிவர ஓடும் நுண்வரிகள் அந்த ஒரு இடத்தில் மட்டும் அடைபட்டு, வெளிறிய ஒரு பொட்டு தெரியும். வளையம் பற்றவைத்த இடம் அது. பத்தர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து அரத்தால் ராவி எடுத்திருந்தாலும் பூதக்கண்ணாடிக்கு அது தப்பாது. இப்படிப்பட்ட காசுக்குக் கிரேடிங் நிறுவனங்கள் எண் கொடுப்பதில்லை. உண்மையான காசு, ஆனால் நகையிலிருந்து கழற்றியது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், கட்டணம் மட்டும் குறையாது. அதைத் தங்க விலைக்கு வைத்திருங்கள். பேத்தி கழுத்தில் திரும்பத் தொங்கினாலும் நட்டமில்லை.

1911 காசில்தான் தரம் பார்க்கும் வேலை கொஞ்சம் இருக்கிறது. இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு குமிழ் விளக்கின் கீழ் காசை மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். தேயாத காசென்றால் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல் அதன் மேல் சுழன்று வரும். அரசரின் புருவம், கன்ன எலும்பு, தாடி, மறுபக்கத்தில் குதிரையின் மார்பு என எழும்பி நிற்கும் இடங்களில் அந்த ஒளி அறுந்து மங்கினால் காசு கைமாறித் தேய்ந்திருக்கிறது. ஒரே திசையில் மெல்லிய கோடுகள் கூட்டமாகத் தெரிந்தால் யாரோ துணி போட்டுத் துடைத்திருக்கிறார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன வெட்டுகள் இருந்தால் பயப்பட வேண்டாம். பையில் காசோடு காசு மோதிய தழும்புகள் அவை.

கிரேடிங் என்பது இதைத்தான் நிபுணர்கள் பார்த்து 1 முதல் 70 வரை எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவது. அமெரிக்காவில் 1986, 1987 ஆண்டுகளில் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு நிறுவனங்களின் பெட்டிக்குத்தான் உலகச் சந்தையில் மதிப்பு. 60உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. உள்விவரங்களுக்குள் போக வேண்டாம், உங்களுக்கு அது தேவையில்லை. ஏனென்றால் 1911இல் இலண்டனில் மட்டும் மூன்று கோடிக்கு மேல் அடித்தார்கள். உங்களுடையது 62 எடுத்தாலும் தங்க விலைக்கு மேல் கிடைப்பது, அனுப்பும் செலவு, காப்புறுதி, கட்டணம் எல்லாவற்றுக்கும் காணாது.

சரி, அந்த 1918. தேதிக்கு மேலே, குதிரை நிற்கும் தரைக்கோட்டில் ஒரு குட்டி ஆங்கில "ஐ" எழுத்து இருக்கிறது, அதுதான் அபூர்வம் என்கிறார் தரகர். அந்த எழுத்து பம்பாய் நாணயச்சாலையின் அடையாளம். அந்த ஒரு ஆண்டு மட்டும் அங்கே அடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அடித்தது பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேல். நம் பக்கத்தில் அது அவ்வளவு அருமையான பொருளல்ல. நல்ல நிலையில் இருந்தால் சாதாரணப் பவுணைவிடக் கொஞ்சம் கூடும், பல இலட்சம் எல்லாம் தரகரின் வாயில்தான். அந்த இடத்தில் எழுத்தே இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இலண்டனில் 1918இல் பவுண் அடிக்கவேயில்லை, ஆகவே எழுத்தில்லாத 1918 பொய்க்காசு.

பழைய பவுண்களில் விதிவிலக்கே இல்லையா என்றால், சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். 1917, எழுத்தில்லாதது. அந்த ஆண்டு சிட்னி, மெல்போர்ன், பேர்த், ஒட்டாவா ஆகிய இடங்களிலும் அடித்தார்கள். அவற்றில் எஸ், எம், பி, சி என்று எழுத்து இருக்கும். இலண்டனில் அடித்ததில் எழுத்து இல்லை. அடித்ததில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டதால் இலண்டன் 1917 உண்மையிலேயே அரிது. ஆகவே அதற்குத்தான் பொய்க்காசும் அதிகம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். அந்தப் பொய்க்காசுகள் பித்தளை அல்ல, சரியான தங்கத்திலேயே அடித்திருப்பார்கள். தராசும் தண்ணீரும் அதைக் காட்டிக்கொடுக்காது. சிலர் வேறு நாணயச்சாலைக் காசின் எழுத்தைச் சுரண்டியும் விடுவார்கள், தரைக்கோட்டில் அந்த இடம் மட்டும் பள்ளமாக அல்லது வழவழப்பாக இருக்கும். உறவுக்குள் யாரிடமாவது எழுத்தில்லாத 1917 இருந்தால் அதற்குக் கிரேடிங் செலவு தகும். அதுவும் எண்ணுக்காக அல்ல, உண்மையா பொய்யா என்று அறிய. கேள்விப்பட்ட எல்லாரும் தம்மிடம் அது இருக்கிறது என்று எனக்குப் படம் அனுப்புவார்கள் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். தரைக்கோட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

தரகரிடம் காசைக் கொடுக்கவே கூடாது. அந்த நிறுவனங்களுக்கு நம் நாட்டில் அலுவலகம் இல்லை. உங்கள் காசு போய்ச் சேர்ந்ததா என்று நீங்கள் எங்கே போய்க் கேட்பீர்கள்? திரும்பி வருவது உங்கள் காசுதான் என்பதற்கும் சாட்சி இல்லை. பெட்டியோடு கொண்டுவந்து காட்டினாலும் மயங்க வேண்டாம், பெட்டியையே பொய்யாகச் செய்கிறார்கள். பெட்டியில் உள்ள இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் நீங்களே போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள காசின் தழும்புகளோடு ஒப்பிட வேண்டும்.

விற்கத்தான் வேண்டுமென்றால் வேறு வழி என்ன? அங்கேதான் எனக்கும் அலுப்பு. வங்கியில் அடகு வைத்தால் தங்கத்தின் நிறைக்கு மட்டும் கணக்கு, ஆண்டும் அச்சும் அவர்களுக்கு ஒன்றுதான். தங்கத்தின் தரத்துக்கு அரச முத்திரையோடு சான்று வேண்டுமென்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டும். சில கடைகளில் ரசீது கேட்கிறார்கள். 2009இல் போரின் முடிவில் உடுத்த உடுப்போடு வட்டுவாகல் பாலம் கடந்த சனத்திடம் அம்மம்மாவின் பவுணுக்கு ரசீது எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு காசையும் இருபக்கமும் படமெடுத்து, நிறையோடு சேர்த்து எழுதி, குடும்பத்தில் மூத்தவர் ஒருவரின் சத்தியக்கடதாசியோடு வையுங்கள். குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள், காசு உங்கள் கண்ணை விட்டு உள்ளறைக்குப் போக விடாதீர்கள்.

மச்சானின் புதையல் காசு விடயம் வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்தான் தொல்பொருள். உங்கள் பவுண்கள் அதற்குள் வராது. ஆனால் மண்ணிலிருந்து எடுத்த பழங்காசு அரசின் சொத்து, வைத்திருந்தால் வழக்கு வரலாம். அது உண்மையான புதையல் என்றால் மச்சான் பொலிசுக்குப் போக வேண்டிவரும். பொய் என்றால் பணம் போகும், முறைப்பாடு செய்யவும் வாய் வராது. இந்த வியாபாரம் ஓடுவதே அந்தப் பயத்தில்தான். ஒட்டுசுட்டான் காட்டில் எடுத்தது, நெடுங்கேணியில் எடுத்தது என்று இடம்தான் மாறும், காட்டுவது பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளை. மாதிரிக்கு ஒரு நல்ல காசைத் தந்து சோதிக்கச் சொல்வார்கள், அது தங்கமாகவே இருக்கும். மிச்சப் பொதியில்தான் ஏமாற்று. மச்சான் ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் மீதியைக் கொடுக்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். முற்பணத்தைத் திருப்பி வாங்குகிறேன் என்று தனியே அந்த ஆளைத் தேடிக் காட்டுப்பக்கம் போகவும் விடாதீர்கள்.