மேட்ரிமோனியில் வந்த வரன்: விவாகரத்துத் தீர்ப்பைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: என் கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்கு வயது 32. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. செவ்வாய் தோஷம் இருப்பதால் சொந்தத்தில் வரன் அமையவில்லை. மேட்ரிமோனி இணையதளத்தில் பதிவு செய்ததில், அமெரிக்காவில் வேலை பார்க்கும் 37 வயது மாப்பிள்ளை ஒருவரின் ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது. அவருக்குக் கோயம்புத்தூரில் இந்து முறைப்படி முதல் திருமணம் நடந்து, பிறகு அமெரிக்க நீதிமன்றத்தில் விவாகரத்து ஆகிவிட்டது என்கிறார்கள். இணையதளத்தில் வருவதெல்லாம் ஏமாற்று என்று என் கொழுந்தனார் தடுக்கிறார். எங்கள் ஊர்த் தரகரும் அதையே சொல்கிறார். நம்பி மேலே பேசலாமா? (ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்: குடும்ப நல வழக்கறிஞர்

அம்மா, உங்கள் கொழுந்தனாரின் பயம் நியாயமானதுதான். ஆனால் அவர் பயப்பட வேண்டிய இடம் வேறு. முப்பது வயதைக் கடந்தவர்கள், தோஷ ஜாதகம் உள்ளவர்கள், மறுமணம் தேடுகிறவர்கள், பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கப் பெற்றோர் ஊரில் இருப்பவர்கள் ஆகியோர் இன்று இந்தத் தளங்களை நாடுவதற்குக் காரணம், சொந்தபந்தத்தின் கையிலும் தரகரின் நோட்டிலும் இருக்கும் வரன்கள் இரண்டு மூன்று தாலுகாக்களைத் தாண்டுவதில்லை என்பதுதான். தவிர்க்கிறவர்களுக்கும் காரணம் உண்டு. பெண்ணின் படம் யார் யார் கைபேசிக்கோ போகிறது. பதிவு நீண்ட நாள் கிடந்தால் ஊர் வாய் சும்மா இருப்பதில்லை. இவற்றைவிட முக்கியமான ஒன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முன்பெல்லாம் ஒரு வரன் நம் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே அந்தக் குடும்பத்தைப் பற்றி நான்கு பேர் விசாரித்து முடித்திருப்பார்கள். இணையதளத்தில் வரன் முதலில் வந்துவிடுகிறது. விசாரிப்பை நாம்தான் பிறகு செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் விட்டவர்களே என் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.

அந்த மாப்பிள்ளையின் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற குறி இருப்பதைப் பார்த்து மனம் சமாதானம் அடைய வேண்டாம். அது பெரும்பாலும் கைபேசி எண்ணோ அடையாள அட்டையோ சரியாக இருக்கிறது என்பதைத்தான் காட்டும். அவர் வாங்கும் சம்பளத்தையோ, முன்பு யாரைத் திருமணம் செய்தார் என்பதையோ அந்தக் குறி சொல்லாது. 2016 ஜூன் மாதம் மத்திய அரசு இத்தளங்களுக்கு ஓர் அறிவுரைக் குறிப்பை வெளியிட்டது. பதிவு செய்கிறவரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும், திருமணத்துக்காகத்தான் பதிவு செய்கிறேன் என்ற உறுதிமொழியை வாங்க வேண்டும், குறை கேட்க ஓர் அலுவலரை அமர்த்த வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் தகராறு என்று வந்தால், தாங்கள் பிறர் தரும் விவரங்களை வெளியிடும் வெறும் இடைநிலையாளர் என்று சொல்லித் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவில் தளங்கள் பாதுகாப்புத் தேடுகின்றன. காவல் நிலையத்துக்குப் போனால் ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் அலைவதை ஆண்டுக்கணக்கில் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

உங்கள் ஊர்த் தரகரின் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இணையதளத்தைக் குறை சொல்லும் தரகர்களில் சிலர், அதே தளத்திலிருந்து விவரங்களை எடுத்துத் தங்கள் சொந்தத் தொடர்பில் வந்த வரன் போலக் காட்டி, இரண்டு வீட்டாரிடமும் கமிஷன் வாங்குகிறார்கள். பதிவுக் கட்டணம் என்று முதலிலேயே ஐயாயிரம் பத்தாயிரம் கேட்பவர், தொலைபேசியில் மட்டும் பேசி அலுவலக முகவரி சொல்லாதவர், ‘இன்று மாலைக்குள் சொல்லாவிட்டால் மாப்பிள்ளை வேறு இடத்தில் முடித்துவிடுவார்’ என்று அவசரப்படுத்துகிறவர் ஆகிய மூவரிடமும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் அடங்கிய ஜாதகத்தையும் ஆதார் நகலையும் வாட்ஸ்அப் குழுக்களில் அவர்கள் பரப்புவதற்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டு மாப்பிள்ளை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரிசுப் பொருள் அனுப்பியிருக்கிறேன், விமான நிலையச் சுங்கத்தில் நிற்கிறது, பணம் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எப்போதாவது பேச்சு வந்தால் அந்தத் தொடர்பை அன்றே முறித்துவிடுங்கள். சுங்கத் துறை தனிநபரின் வங்கிக் கணக்கில் பணம் வாங்குவதில்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு குறையும்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம்; அமெரிக்க நீதிமன்றம் உண்மையிலேயே விவாகரத்து வழங்கியிருக்கலாம். அப்போதும் அந்தத் தீர்ப்பு நம் நாட்டில் செல்லுமா என்பது தனிக் கேள்வி. இங்கே இந்து முறைப்படி நடந்த திருமணத்தை வெளிநாட்டு நீதிமன்றம் முறித்தால், பொதுவாக அந்தத் தீர்ப்பு இங்கே ஏற்கப்படாது என்று 1991-இல் நரசிம்ம ராவ், வெங்கட லட்சுமி என்ற தம்பதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. முதல் மனைவி அந்த வழக்கில் தானாக முன்வந்து பங்கேற்று வாதாடி, இந்து திருமணச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணத்தின் பேரில் விவாகரத்து ஆகியிருந்தால் அது செல்லும். அவர் அந்த விவாகரத்துக்குச் சம்மதித்திருந்தாலும் செல்லும்.

நடப்பில் என்ன நிகழ்கிறது என்றால், கணவர் அங்கே வழக்குப் போடுகிறார். கோயம்புத்தூரில் பெற்றோர் வீட்டில் இருக்கும் மனைவிக்குத் தபாலில் ஒரு சம்மன் வருகிறது. விசாவும் பணமும் இல்லாமல் அவரால் போக முடிவதில்லை. ‘ஒத்துப்போகவில்லை’ என்ற ஒரே காரணத்தின் மேல், அவர் வராமலேயே தீர்ப்பு ஆகிவிடுகிறது. ஒத்துப்போகவில்லை என்பது மட்டும் இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணமே இல்லை. அப்படிப்பட்ட தீர்ப்பை நம்பி உங்கள் மகள் கழுத்தில் தாலி ஏறினால், சட்டத்தின் கண்ணில் முதல் திருமணம் இன்னும் உயிரோடு இருக்கும். இரண்டாவது திருமணம் செல்லாததாகிவிடும். இதில் மாப்பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நல்லெண்ணத்தோடு, ‘எனக்கு விவாகரத்து ஆகிவிட்டதே’ என்று மனதார நம்புகிறவர்களும் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள்.

ஆகவே, விவாகரத்து ஆகிவிட்டது என்ற வாய்ச்சொல்லையும் கைபேசியில் காட்டும் புகைப்படத்தையும் ஏற்காமல், தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். முதல் மனைவி நீதிமன்றத்தில் ஆஜரானாரா, அவரோ அவருடைய வழக்கறிஞரோ கையெழுத்திட்ட சம்மதம் இருக்கிறதா, எந்தக் காரணத்தில் தீர்ப்பானது ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மனைவி வராமலேயே ஆன தீர்ப்பு என்றால், இருவரும் சம்மதித்து இங்குள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி முறையாகப் பிரிந்துவிட்டு வரட்டும் என்று சொல்லுங்கள். காலதாமதம் ஆகும்; ஆகட்டும். முதல் மனைவியின் வீட்டாரையும், இரு குடும்பத்துக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் மூலம் மரியாதையாக விசாரிப்பதில் தவறில்லை.

இவ்வளவு சிரமத்தையும் ஒரு தாயின் தலையில் ஏற்றுவது சரியல்ல என்று எனக்குத் தெரியும். எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. தமிழ்நாடு 2009-இல் சட்டமும் இயற்றியது. ஆயினும் ஒருவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருக்கிறதா என்று நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் தேடிப்பார்க்கும் வசதி பொதுமக்களுக்கு இல்லை. வெளிநாடு வாழ் இந்தியரின் திருமணப் பதிவுக்கான மசோதா 2019-இல் மாநிலங்களவைக்கு வந்தது, இன்றுவரை சட்டமாகவில்லை. விமானப் பயணச்சீட்டுக்கு இத்தனை சரிபார்ப்பு வைத்திருக்கும் நாட்டில், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு இதைச் செய்து தர ஆளில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

திருமணத்துக்குப் பிறகு உண்மை தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் கேட்காதீர்கள். முக்கியமான உண்மையை மறைத்துச் செய்த திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம் என்று சட்டத்தில் இருப்பது மெய்தான். ஆனால் மோசடி தெரிந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும், தெரிந்த பிறகு விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்கவும் கூடாது. குடும்பத்தில் சமாதானம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஓராண்டு ஓடிவிடுகிறது.

மாப்பிள்ளையிடம் மகளே நேரடியாகத் தீர்ப்பின் நகலைக் கேட்கட்டும்; மறுமணத்துக்கு வருகிறவரிடம் இதைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். அந்த நகல் கைக்கு வந்து, அதை ஒருவர் முழுவதும் படித்துப் பார்க்கும் வரை நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கவோ, மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கவோ வேண்டாம்.