கூத்தாசான் அண்ணாவியாரிடம் கேளுங்கள்: கூத்துப் பழகினால் படிப்பு கெடுமா?

கேள்வி: என் மகன் தரம் 8 படிக்கிறான். கோயிலடியில் கூத்துப் பழக ஆசைப்படுகிறான். படிப்பு கெட்டுவிடும் என்று அவனுடைய தகப்பன் மறிக்கிறார். அனுப்பலாமா ஐயா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அனுப்புங்கள் மகள்.

எங்களிடம் ஒரு சிறுவன் வந்தான். வகுப்பில் வாயே திறக்காதவன். சட்டங்கொடுத்த அன்று, அதாவது பாத்திரமும் பாட்டுக் கொப்பியும் கையில் கொடுத்த அன்று, கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். நான் மத்தளத்தில் அடி எடுத்தால் அவன் வலது கால் தாளத்தை முந்தி ஓடும். மூன்று மாதம் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடவைத்தேன். அரங்கேற்ற இரவில் அதே பிள்ளை கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரியைச் சுற்றிவந்து, தன் பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டை ஊர் முழுக்கக் கேட்கப் பாடினான். பிற்பாட்டுக்காரரே ஒரு கணம் அசந்துபோனார்கள். மனப்பாடம், கணக்கு, மூச்சு, துணிவு எல்லாம் அந்த ஒரு பாட்டுக்குள் இருக்கின்றன. இதைப் படிப்பில்லை என்று எப்படிச் சொல்வது?

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த மௌனகுரு, 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த வித்தியானந்தன் அங்கு தயாரித்த கூத்துகளில் மாணவராக ஆடியவர். பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அவரையும் சனிக்கிழமை மாலை கூட்டி வாருங்கள். களரிக்கு மண் போட ஆள் வேண்டும். வளையம் வைத்து விரிந்து நிற்கும் கூத்து உடையான கரப்புடுப்புக்கு மணி தைக்க உங்கள் கையும் வேண்டும். மகனுக்கு ஒரு பழைய சாரம் கொடுத்துவிடுங்கள், இறுக்கிக் கட்டி ஆட.