ஃபேரி டான்ஸை இயற்றியவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் வயலின் வகுப்பில் 'ஃபேரி டான்ஸ்' என்ற ஸ்காட்லாந்து ரீலை (வேகமான நடன மெட்டை) வாசிக்கிறாள். பாடப்புத்தகத்தில் 'மரபிசை' என்று மட்டுமே போட்டிருக்கிறது. இதற்குப் பின்னால் தேவதைக் கதை ஏதாவது உண்டா? நாட்டார் இசை என்றால் ஊரே சேர்ந்து உருவாக்கியதுதானே?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

தேவதைக் கதை எதுவும் இல்லை. இயற்றியவர் இருக்கிறார், நத்தானியல் கோ. 1802இல் ஃபைஃப் வட்டார வேட்டைச் சங்கத்தாரின் நடன விருந்துக்காக அவர் போட்ட மெட்டு இது. புகழ்பெற்ற ஃபிடில் கலைஞர் நீல் கோவின் மகன். எடின்பரோவில் இசைக்கடை நடத்தினார், பிரபுக்களின் நடனங்களுக்குக் குழுவோடு போய் வாசித்தார், மெட்டுகளை அச்சிட்டு விற்றார். இசைதான் அவருக்குச் சோறு போட்டது.

மகள் வாசிக்கும் முதல் அடியைக் கவனியுங்கள். மேல்தந்தியில் முதல் விரல் ஒரு சுரத்தை நீட்டுகிறது, மறுபடி தொடுகிறது. உடனே வில் பக்கத்துத் தந்திக்குத் தாவி, மூன்றாம் விரலில் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு மேலே திரும்புகிறது. நம் கணக்கில் 'கா, க ஸ'. இதையே திரும்பத் திரும்ப வாசிக்கும்போது கேட்பவரின் கால் தானாக எழும். கூடம் நிறைய ஆடுகிறவர்களின் காலடிச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டிய மெட்டு. வில் பிடித்துப் பழகிய ஒருவர் யோசித்துச் செய்த வேலை என்பது இதிலேயே தெரிகிறது.

ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ஆடுகிறவர்களுக்கு மெட்டு போதும், பெயர் வேண்டாம். காதால் கேட்டுப் பிடித்தவர்கள் கைக்கு வந்தபடி மாற்றினார்கள். அயர்லாந்தில் அது 'ஃபேரி ரீல்' ஆயிற்று, அமெரிக்காவில் 'ஓல்ட் மாலி ஹேர்'. அந்த மாற்றங்கள் அழகானவை, நான் விரும்பிக் கேட்பவை. ஆனால் அதற்காக முதலில் போட்டவரின் பெயரைப் பாடப்புத்தகம் விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசிக் காலத்தில் திவாலாகிப்போன மனிதர் அவர். ஒரு வரியில் பெயர் போடுவதற்கு என்ன செலவு?

நீங்கள் நினைக்கும் வகை மெட்டும் உண்டு. 'மிஸஸ் மெக்லவுட் ஆஃப் ராசே' என்ற ரீலை கோ குடும்பம் 1809இல் வெளியிட்டது. அது ஸ்கை தீவின் மெட்டு, மெக்லவுட் என்பவர் வழியாகக் கிடைத்தது என்று அந்தத் தொகுப்பிலேயே குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் அதை யார் யார் வாசித்தார்களோ, அவர்கள் எல்லோருக்கும் உரியது அது. ஃபேரி டான்ஸ் கைக்குப் படிந்த பிறகு அதையும் மகளை வாசிக்கச் சொல்லுங்கள்.