ஜெனீவாவும் குடியாத்தமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வேலூரில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். ஊர் குடியாத்தம். அம்மா பீடி சுற்றுகிறார். அப்பாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் வேலை. எங்கள் துறையில் ஐரோப்பாவில் பன்னாட்டுச் சபைகளும் நீதிமன்றங்களும் இருக்கும் ஜெனீவா, தி ஹேக், பிரஸ்ஸல்ஸ், ஸ்ட்ராஸ்பர்க் என்று பத்து நாள் கல்விப் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஆகுமாம். நகையை வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அம்மா. "கட்டடத்தைப் பார்த்துவிட்டு வர இவ்வளவு செலவா?" என்கிறார் மாமா. எனக்கும் குழப்பமாக இருக்கிறது. நம்மூருக்கும் அந்தச் சபைகளுக்கும் என்ன சம்பந்தம்? நான் போகலாமா?

ஒரு மாணவி, குடியாத்தம்

அன்புள்ள மாணவிக்கு,

அம்மாவின் நகையைத் தொடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் மாமாவின் பேச்சையும் நான் ஏற்கவில்லை. என்ன சம்பந்தம் என்ற உங்கள் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். முதுகலை வரை வந்த ஒருவருக்கு அதை யாரும் எடுத்துக் காட்டவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்கலாம். அம்மாவுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவரும் தொழிலாளிதான், ஆலைத் தொழிலாளிக்கு நிகராக அவரையும் நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996 ஜூனில் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதன் எண் 177. அதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர்களில் முன்னால் நின்றவர்கள் நம் நாட்டுப் பெண்கள், சுயதொழில் செய்யும் பெண்களுக்கான அகமதாபாத்தின் சேவா சங்கத்தினர். இத்தனைக்கும் நம்முடைய 1966 பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளியாக அப்போதே ஏற்றுக்கொண்டிருந்தது. ஜெனீவா அந்த இடத்துக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. அப்படியிருந்தும் இந்தியா அந்த உடன்படிக்கைக்கு ஏற்புறுதி அளிக்கவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஏன்? ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

அதே ஜெனீவாவில், தொழிலாளர் அமைப்பிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், உலக சுகாதார நிறுவனம் இருக்கிறது. அங்கே 2003-இல் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. அதை 2004-லேயே இந்தியா ஏற்றுக்கொண்டது. புகையிலைத் தொழிலை நம்பியிருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும் மாற்றுத் தொழில் கிடைக்க உதவ வேண்டும் என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. ஒரு சபை பீடி குறைய வேண்டும் என்கிறது. இன்னொரு சபை பீடி சுற்றுகிறவரின் நிலை உயர வேண்டும் என்கிறது. இரண்டும் நியாயம். நடுவில் உட்கார்ந்து இலை வெட்டுகிறார் உங்கள் அம்மா. மாற்றுத் தொழில் என்று குடியாத்தத்துக்கு இதுவரை என்ன வந்தது என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேட்டு எழுதி எடுத்துக்கொண்டு போனால், அங்கே உங்களோடு பேச உட்காரும் அதிகாரி கையேட்டில் இருப்பதை மட்டும் ஒப்பித்துவிட்டுப் போக முடியாது.

தொழிலாளர் அமைப்பின் மாநாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு பிரதிநிதிகள். அரசுக்கு இருவர், முதலாளிகளுக்கு ஒருவர், தொழிலாளர்களுக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் தனி வாக்கு என்பதால் தொழிலாளர் பிரதிநிதி தன் நாட்டு அரசுக்கு எதிராகவே வாக்களிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. சங்கத்தில் சேராத, வீட்டை விட்டு வெளியே வராத பெண்ணின் குரல் அந்த ஒரு நாற்காலிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதையும் விசாரியுங்கள்.

அப்பாவின் பக்கத்துக்கு வருவோம். பாலாற்றில் விழுந்த தோல் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஸ்டாக்ஹோம் 1972, ரியோ 1992 மாநாடுகளை எடுத்துக்காட்டி, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் கேடு வருமுன் தடுக்கும் கொள்கையும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்றது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்து டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்யும் தீர்ப்பு இது. வேலூரில் அரசியல் அறிவியல் படிப்பவர் இதைப் படிக்காமல் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறக் கூடாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

பயணத் திட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்து நாளில் நான்கு ஊர் என்றால் பாதி நேரம் ரயிலிலும் பாதுகாப்புச் சோதனை வரிசையிலும் போய்விடும். தி ஹேக்கில் நாடுகள் மட்டுமே வழக்காடும் சர்வதேச நீதிமன்றம் வேறு, தனிமனிதரை விசாரிக்கும் குற்றவியல் நீதிமன்றம் வேறு. பின்னதில் இந்தியா உறுப்பினரே இல்லை. இந்த வேறுபாட்டை வகுப்பிலேயே கற்றுக்கொள்ளலாம். முன்னதன் பொது விசாரணைகளை இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். எந்த நாடு எந்தத் தொழிலாளர் உடன்படிக்கையை ஏற்றது என்ற பட்டியலும் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னையில் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. காலையில் காட்பாடியில் ரயில் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். அங்கே போகாத துறை ஜெனீவா போவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று விசா. இந்த ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் திரும்ப வராது. வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள். பீடிக் கூலியில் ஓடும் வீட்டின் கணக்குப் புத்தகம் அந்தக் கவுண்டரில் எப்படிப் பார்க்கப்படும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சபைகளில் யாருடைய வாழ்க்கை பேசப்படுகிறதோ அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் இந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார்கள். ஆகவே கல்லூரி பொறுப்பேற்றுச் செலவு ஏற்பதாகக் கடிதம் தர வேண்டும்.

உங்கள் துறைத் தலைவரிடம் இப்படிக் கேளுங்கள்: ஊரை ஒன்றாகக் குறையுங்கள், ஜெனீவா போதும். தொழிலாளர் மாநாடு கூடும் ஜூனில் வையுங்கள். அதனால் மிச்சமாகும் பணத்தையும், பழைய மாணவர்களிடம் திரட்டுவதையும் சேர்த்துக் கட்ட முடியாதவர்களின் பங்கைக் கட்டுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், வகுப்பில் பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கொடுங்கள். சம்மதித்தால் போய்வாருங்கள். மறுத்தால் அந்த 177-ஆம் உடன்படிக்கையைப் பற்றிய ஆய்வேட்டைக் குடியாத்தத்திலிருந்தே தொடங்குங்கள். முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள், படித்துக் கருத்து எழுதுகிறேன்.