கடினத்தன்மை சரியாக இருந்தும் ஷாஃப்ட் முறிவது ஏன்?

கேள்வி: ஈஎன்-24 எஃகில் 50 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட்டுகளைக் கடைந்து, வெளியில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்து வாங்குகிறோம். வரைபடம் கேட்கும் கடினத்தன்மை ராக்வெல் சி அளவுகோலில் 46 முதல் 48 வரை. எண்ணெயில் தோய்த்து 350 டிகிரியில் டெம்பர் (தோய்த்த எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துதல்) செய்ததாகச் சொல்கிறார்கள். சோதித்தால் 48 வருகிறது. ஆனாலும் இரண்டு ஷாஃப்ட்டுகள் சில நாள்களிலேயே, சிறிதும் வளையாமல், பட்டென்று முறிந்துவிட்டன. எஃகு மட்டமானதா? மற்றவற்றைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: எஃகைச் சந்தேகிக்கும் முன் அந்த 350 டிகிரியைச் சந்தேகியுங்கள்.

ஈஎன்-24 எஃகை 830 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது அது ஆஸ்டெனைட் என்னும் அமைப்புக்கு மாறி, கார்பன் முழுவதையும் தனக்குள் கரைத்துக்கொள்கிறது. எண்ணெயில் விரைவாகக் குளிர்விக்கும்போது அந்தக் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை; அது சிக்கிக்கொண்ட நிலையில் உருவாகும் இறுகிய அமைப்புதான் மார்ட்டென்சைட். நிக்கலும் குரோமியமும் சேர்ப்பதால்தான் எஃகு கடினமாகிறது என்று பட்டறைகளில் பலரும் நம்புகிறார்கள். உண்மையில் கடினத்தன்மையின் உச்சத்தைத் தீர்மானிப்பது ஏறத்தாழ 0.4 சதவீதக் கார்பனே. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் ஆகியவை பெர்லைட் என்னும் மென்மையான அமைப்பு உருவாவதைத் தாமதப்படுத்தி, தடித்த கம்பியின் நடுப்பகுதியும் மார்ட்டென்சைட்டாக மாற அவகாசம் தருகின்றன. ஏறக்குறைய அதே கார்பன் உள்ள ஈஎன்-8 எஃகு, இந்தப் பருமனில் தண்ணீரில் தோய்த்தாலும் மேல்தோல் அளவுக்குத்தான் கடினமாகும்.

தோய்த்து எடுத்த மார்ட்டென்சைட் கண்ணாடியைப் போல நொறுங்கும் என்பதால் டெம்பர் செய்கிறோம். டெம்பர் வெப்பநிலை ஏற ஏறக் கார்பன் நுண்ணிய கார்பைடுகளாகப் பிரிந்து, கடினத்தன்மை படிப்படியாகக் குறைகிறது. அடி தாங்கும் திறனும் அதே ஒழுங்கில் கூட வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் சுமார் 250 முதல் 400 டிகிரி வரையிலான இடைவெளியில் அது கூடுவதற்குப் பதிலாகச் சரிகிறது. உங்கள் 350 டிகிரி இதற்குள்தான் விழுகிறது. மார்ட்டென்சைட் தகடுகளுக்கு இடையிலும் பழைய ஆஸ்டெனைட் மணிகளின் எல்லைகளிலும் சிமென்டைட் என்னும் இரும்புக் கார்பைடு மெல்லிய படலமாகப் படிவதும், அந்த எல்லைகளில் பாஸ்பரஸ் போன்ற மாசுகள் குவிந்திருப்பதும் விரிசல் ஓடுவதற்குப் பாதை போட்டுக் கொடுக்கின்றன. ராக்வெல் சோதனை மேற்பரப்பில் ஒரு சிறு வைரமுனையை அழுத்திப் பார்க்கிறதே தவிர, இந்தப் பலவீனத்தை அறியாது. வெட்டுக்குறி இட்ட துண்டை ஓங்கி அடித்துப் பார்க்கும் சார்பி சோதனையில்தான் அது வெளிப்படும்.

ஆனால் முறிந்த முகத்தையும் ஒருமுறை பாருங்கள். விட்டம் மாறும் படியின் மூலையில் ஒரு புள்ளியிலிருந்து கரையலை போன்ற வரிகள் விரிந்திருந்தால் அது களைப்பு முறிவு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் மெல்ல வளர்ந்து ஏற்படும் முறிவு. அப்போது மூலையின் வளைவு ஆரம் போதாமையையே முதலில் திருத்த வேண்டும்.

மற்ற ஷாஃப்ட்டுகளை மீண்டும் தோய்க்கத் தேவையில்லை. காந்தத்தூள் சோதனையில் விரிசல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, 600 டிகிரியில் இரண்டு மணி நேரம் மறுபடி டெம்பர் செய்யுங்கள். கடினத்தன்மை ராக்வெல் சி 35 அளவுக்கு இறங்கும். அந்த நிலையிலும் இழுவலிமை ஏறத்தாழ 1,100 மெகாபாஸ்கல் இருக்கும். முடிந்ததும் உலைக்குள்ளேயே ஆறவிடாமல் எண்ணெயில் குளிர்விப்பது நல்லது. நிக்கல்-குரோமிய எஃகுகள் 575 முதல் 375 டிகிரி வரை மெதுவாக ஆறினால் வேறொரு வகை நொறுங்கும் தன்மை வரும். மாலிப்டினம் அதைப் பெரிதும் தடுக்கிறது என்றாலும் முற்றிலும் நீக்குவதில்லை.

48 எதற்காகக் கேட்கப்பட்டது என்று வரைபடம் தந்தவரிடம் விசாரியுங்கள். தேய்மானத்துக்காக என்றால், பேரிங் அமரும் இடங்களை மட்டும், மின்தூண்டலால் மேற்பரப்பைச் சூடாக்கும் இன்டக்‌ஷன் முறையில் கடினமாக்கலாம். அல்லது 500 டிகிரியை ஒட்டி நைட்ரைடிங் (மேற்பரப்பில் நைட்ரஜனை ஊடுருவச் செய்து கடினமாக்குதல்) செய்யலாம். நைட்ரைடிங் வெப்பநிலை டெம்பர் வெப்பநிலைக்குக் கீழே இருப்பதால் உட்பகுதி மாறாது. முழுத் தடிமனிலும் அவ்வளவு வலிமை கட்டாயம் என்றால் 200 முதல் 230 டிகிரியோடு நிறுத்தி, 50-க்கு மேற்பட்ட கடினத்தன்மையை ஏற்க வேண்டும். (விமானத்தின் தரையிறங்கு கால்களுக்கான 300எம் எஃகில் சுமார் 1.6 சதவீதம் சிலிக்கான் சேர்த்து, அடி தாங்கும் திறன் சரியும் இந்தப் பள்ளத்தையே உயர்ந்த வெப்பநிலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதனால் அதை 300 டிகிரியில் துணிந்து டெம்பர் செய்ய முடிகிறது.)

இனி வேலை ஆணையில் கடினத்தன்மையோடு டெம்பர் வெப்பநிலையையும் எழுதி, ஒவ்வொரு தொகுதிக்கும் உலையின் வெப்பநிலைப் பதிவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.